தொன்னை அளவு காஞ்சி

மாகறல் தலபுராணத்தில் ஒரு பலாமரம் வருகிறது. பிரமன் நட்ட அந்த மரம் நாளுக்கு ஒரு பழம் தருமாம். அந்தப் பழத்தை முதலில் மாகறலீசருக்குப் படைத்து, பிறகு ஊர்க்காரர் ஒருவர் தலையில் சுமந்து தில்லைக்குக் கொண்டுபோவார். அங்கே நடராசருக்கு நைவேத்தியம் ஆனபின் அது ராஜேந்திர சோழனிடம் போய்ச் சேரும். சுமக்கும் முறை ஒருநாள் ஒரு சிறுவனுக்கு வந்தது. மரம் இருப்பதால்தானே ஊருக்கு இந்தப் பாடு என்று அவன் மரத்தையே எரித்துவிட்டான். அதற்கப்புறம் பொன் உடும்பு, புற்று, லிங்கம் என்று புராணம் வேறு பக்கம் திரும்புகிறது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் சுமார் 16 கி.மீ. தொலைவில், செய்யாற்றங்கரையில் இருக்கும் இந்தக் கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார்.

சாப்பாட்டுக்காக ஊர் சுற்றுகிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கதையைக் கேட்டதும் பழத்தைப் பற்றித்தான் யோசிப்பார். மாகறலுக்கும் சிதம்பரத்துக்கும் நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 150 கி.மீ. நடந்து போனால் நான்கைந்து நாள் ஆகும். அத்தனை நாள் வெயிலில் போன பழம், மரத்தடியில் பிளந்திருந்தால் எப்படி மணந்திருக்குமோ அப்படியே மணந்திருக்குமா?

மணந்திருக்காது. பலா, மரத்திலிருந்து இறக்கிய பிறகும் பழுத்துக்கொண்டே போகும் கனி. எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்கி, அந்த வாயுவின் தூண்டலாலேயே தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. கூடவே எஸ்டர்கள் எனப்படும் மணப்பொருள்கள் பிறக்கின்றன. வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் மணம் தருபவையும் இந்தக் குடும்பத்துப் பொருள்களே. எஸ்டர்கள் எளிதில் ஆவியாகும். ஆவியானால்தான் மூக்குக்கு எட்டும். மூக்குக்கு எட்டியது பழத்தைவிட்டுப் போய்விட்டது. மணக்கிற ஒவ்வொரு பொருளும் மணக்க மணக்கத் தன்னை இழந்துகொண்டிருக்கிறது. அரசனிடம் போய்ச் சேர்ந்ததும் பலாப்பழம்தான், ஆனால் மாகறல் மரத்தடியில் இருந்த பழம் அது இல்லை.

ஆகவே ருசி தேடுகிறவர்தான் ருசி இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். போன இடத்தில் எவ்வளவு சாப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. அதற்குக் காஞ்சிபுரம் ரொம்ப நாளாக ஒரு விடை வைத்திருக்கிறது: ஒரு தொன்னை அளவு.

இந்த ஊரைச் சாப்பிட்டுப் பார்ப்பதற்கு முழுச்சாப்பாட்டு இலை சரியான வழி அல்ல என்பது என் உறுதியான எண்ணம். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதக் கடையில் ஒரு துண்டு கோயில் இட்லி, அங்கேயே ஒரு கை புளியோதரை, இன்னொரு சந்நிதியில் நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல் ஒரு தொன்னை, சாயங்காலம் கடைத்தெருவில் எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு மெதுவடை, அதன்மேல் ஒரு டம்ளர் காபி. இடையிடையே நடை. ஒவ்வொன்றும் நாலு வாய்க்கு மேல் இல்லை. இப்படிச் சாப்பிடுவது வேறு நாடுகளிலும் பெரிய மரபாகவே வளர்ந்திருக்கிறது. ஸ்பெயினின் வடகோடியில், பாஸ்க் மக்களின் சான் செபாஸ்தியான் நகரத்துப் பழைய பேட்டையில் மாலை நேரத்தில் மக்கள் கடைகடையாக ஏறி இறங்குகிறார்கள். ஒரு கடையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சிறு தீனி. உடனே அடுத்த கடை. பின்ச்சோ என்பது அந்தச் சிறு தீனியின் பெயர். 1940-களில் பிறந்த ‘கில்டா’ என்ற பின்ச்சோவில் இருப்பதெல்லாம் ஒரு குச்சியில் கோத்த ஆலிவ் காய், உப்பில் ஊறிய நெத்திலி, ஊறுகாய் மிளகாய் ஆகிய மூன்றே. உப்பு, புளிப்பு, மீனின் உமாமி, மெல்லிய காரம் எல்லாம் ஒரே வாயில் வந்துவிடும். அங்கே கூடவே மதுக்கிண்ணம் இருக்கும். இங்கே கோயில் மணி கேட்கும். நாக்குக்கும் மூளைக்கும் இரண்டு ஊரிலும் நடப்பது ஒன்றுதான்.

என்ன நடக்கிறது என்பதை 1981-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் எளிய சோதனையால் காட்டினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவரிடம், சாப்பிட்ட பண்டம் இப்போது எவ்வளவு பிடிக்கிறது, சாப்பிடாத பண்டங்கள் எவ்வளவு பிடிக்கின்றன என்று கேட்டார்கள். சாப்பிட்ட பண்டத்தின் மேல் இருந்த ஆசை நன்றாக இறங்கியிருந்தது. சாப்பிடாதவற்றின் மேல் இருந்த ஆசை பெரிதாகக் குறையவில்லை. சலிப்பு வயிற்றுக்கு வருவதற்கு முன்பே அந்தந்த ருசிக்குத் தனித்தனியாக வந்துவிடுகிறது. சாப்பிட்ட சத்து ரத்தத்தில் கலக்கும்வரைகூட அது காத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் தலைகாட்டிவிடும். 1989-இல் எட்மண்ட் ரோல்ஸின் குழு குரங்குகளின் மூளையில், கண்குழிக்கு மேலே அமைந்த பகுதியில் இதற்கான நரம்பணுக்களையே கண்டது. ஒரு சுவைநீரைத் திகட்டும்வரை குடித்தபின் அந்த அணுக்கள் அதற்கு மட்டும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டன. வேறு சுவையை நாக்கில் விட்டதும் பழையபடி துடித்தன.

முதல் இட்லித் துண்டு தந்த மகிழ்ச்சியை மூன்றாவது துண்டு தராததற்குக் காரணம் இதுவே. சமையல்காரர் மேல் எந்தப் பிழையும் இல்லை. மூன்றாவது துண்டுக்குப் பதில் புளியோதரைக்கு மாறினால் மூளை மறுபடி முதலிலிருந்து கவனிக்கத் தொடங்கும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் நான்கு வகைப் பூரணம் வைத்த சாண்ட்விச்சுகளை அடுத்தடுத்துக் கொடுத்தபோது, ஒரே வகையைக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மக்கள் சாப்பிட்டார்கள். வகை கூடக் கூட வாய் நிற்காது. அளவைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியவர் சாப்பிடுகிறவர்தான்.

இனி அந்த இட்லி. காஞ்சிபுரத்துத் தொன்னைகளில் எனக்குத் தலையாயது அதுதான். ஒரு துண்டுக்குள் இவ்வளவு இயற்பியலும் உயிரியலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பண்டம் இந்த ஊரில் வேறில்லை.

பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கரகரப்பாக அரைக்கிறார்கள். வீட்டு இட்லியைவிட உளுந்தின் பங்கு இதில் அதிகம். புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேரும். தட்டுக்குழிகள் கிடையாது. மூங்கிலால் பின்னிய உயரமான குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் வைத்து, மாவை ஊற்றி, நீராவியில் மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். வெந்து வெளிவருவது ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும் தூண் போன்ற இட்லி. அதை வில்லை வில்லையாக அறுத்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். அதனால் ‘குடலை இட்லி’ என்றும் சொல்வது உண்டு.

மாவு பொங்குவதிலிருந்து தொடங்கலாம். இதில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வந்து சேர்கின்றன. அமெரிக்காவில் இட்லி மாவை ஆராய்ந்த முகர்ஜி, ஸ்டீன்க்ராஸ் முதலியோர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், மாவை உப்பவைக்கும் முதல் வேலையாள் ‘லூக்கனாஸ்டாக் மெசென்டெராய்டஸ்’ என்ற பாக்டீரியா என்று காட்டினார்கள். இது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் ஒருசேர வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவை உயர்த்துகிறது. பின்னால் வருகிற வேறு லாக்டிக் பாக்டீரியாக்கள் புளிப்பை இன்னும் கூட்டுகின்றன. புளிப்பு ஏறிய மாவில் நோய் தரும் கிருமிகள் பலவற்றால் வளரமுடியாது. இரவெல்லாம் அறை வெப்பநிலையில் கிடந்த மாவு காலையில் கெடாமல் இருப்பதற்கு இந்தச் சின்னஞ்சிறு குடித்தனக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நடத்தும் காவல்தான் காரணம்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்துவைக்கவும் வேண்டும். கோதுமை மாவில் குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னி வாயுவைப் பிடிக்கிறது. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை. பிறகு எப்படி இட்லி பஞ்சாகிறது? மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் 1970-களில் இதற்கு விடை கண்டார்கள். உளுந்தின் குளோபுலின் புரதங்கள் நுரையை எழுப்புகின்றன. அரபினோகாலக்டன் என்ற வழவழப்பான கூட்டுச்சர்க்கரை அந்த நுரை உடையாமல் காக்கிறது. உளுந்து அரைக்கும்போது விரலில் நூல் இழுக்கும் அந்தக் கொழகொழப்புக்குப் பின்னால் இருப்பது இதுதான். பாட்டிமார்கள் உளுந்தை மட்டும் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெகுநேரம் ஆட்டியதற்கும் இதில் பொருள் இருக்கிறது. ஆட்ட ஆட்ட நுரைக்குள் காற்றும் ஏறுகிறது.

அடுத்து வேகும் நேரம். வீட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். குடலை இட்லிக்கு மூன்று மணி நேரம் வரை ஆகிறது. மாவு அதிகம் என்பதால் நேரம் அதிகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மைக் காரணம் அதைவிட அழகானது. இட்லியின் பரப்பைத் தொடும் நீராவி நீராகக் குளிரும்போது கிராமுக்குச் சுமார் 540 கலோரி வெப்பத்தை அங்கே கொட்டிவிடுகிறது. ஆகவே பரப்பு சூடாவதில் தாமதமே இல்லை. தாமதமெல்லாம் பரப்பிலிருந்து நடுவுக்கு வெப்பம் போவதில்தான் இருக்கிறது. பொங்கிய மாவு காற்றுக்குமிழ்கள் நிறைந்தது. வெப்பம் அதற்குள் மெதுவாகத்தான் ஊர்ந்து செல்லும். இப்படி ஊரும் வெப்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கடக்க வேண்டிய தடிமன் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தடிமன் நான்கு மடங்கானால் நேரம் பதினாறு மடங்கு. இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வீட்டு இட்லிக்குப் பத்து நிமிடம் என்றால், பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குடலைக்கு நூற்று அறுபது நிமிடம். தோராயமான கணக்குதான், உருளைக்கும் வட்டத்தட்டுக்கும் வடிவத்தால் சற்று வேறுபாடு வரும். ஆனாலும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு வந்து நிற்கிறது. வெப்பப் பரவலின் சமன்பாட்டை ஃபூரியர் 1822-இல் அச்சில் வெளியிட்டார். மடப்பள்ளி அந்த விடையை அடுப்பின் முன் நின்றே கண்டிருக்கிறது.

அந்த நீண்ட நேரத்துக்குள் மந்தாரை இலையின் மணம் மாவின் ஓரத்தில் இறங்குகிறது. மூங்கில் பின்னலின் இடுக்குகள் நாலாப்புறமும் நீராவியை உள்ளே விடுகின்றன. நீராவி 100 டிகிரிக்கு மேல் ஏறாது. லூயி கமில் மய்யார் 1912-இல் விவரித்த, புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகும் வினை வேகமாக நடக்க 140 டிகிரி அளவு வெப்பமும் உலர்ந்த பரப்பும் வேண்டும். எனவே மூன்று மணி நேரம் வெந்தாலும் இட்லி சிவப்பதில்லை. சாயங்காலம் மெதுவடையைக் கடிக்கும்போது வரும் மொறுமொறுப்பும் வறுத்த மணமும் இந்த மய்யார் வினை தந்தவை. காலையில் நீராவியில் வெந்த உளுந்தையும் மாலையில் எண்ணெயில் பொரிந்த உளுந்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். வெப்பநிலை மாறினால் ஒரே பருப்பு எப்படி இரண்டு பண்டமாகிறது என்பதை நாக்கே சொல்லிவிடும்.

மிளகும் சுக்கும் நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பாக நிற்கின்றன. உடலியல் அறிஞர்கள் காரத்தைச் சுவையோடு சேர்ப்பதில்லை. அது வலியும் வெப்பமும் சேர்ந்த உணர்வு. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் கண்ட அதே ஓர்ஸ்டெட்தான். அந்தக் காரத்தை உடல் எப்படி அறிகிறது என்பதற்கு விடை வர 1997 ஆகிவிட்டது. மிளகாயின் காரத்தை உணரும் புரதத்தை டேவிட் ஜூலியஸ் குழு அந்த ஆண்டில் அடையாளம் கண்டது. அதற்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதும் அதே புரதம். மிளகும் அதையே தட்டுகிறது. சூடான இட்லித் துண்டில் மிளகு கூடுதலாகக் காரமாகவும் ஆறிய துண்டில் அடங்கியும் தெரிவது மனத்தின் மயக்கம் இல்லை. சூடும் காரமும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. சுக்கு இன்னொரு வியப்பு. பச்சை இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால், காயும்போது ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட இருமடங்குக்கும் மேல். இந்தக் காரப்பொருள்கள் எல்லாம் நீரில் சரியாகக் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. நெய் அவற்றைக் கரைத்து இட்லி முழுக்கப் பரப்பிவிடுகிறது.

சீரகத்தையும் பெருங்காயத்தையும் அறிய நாக்கு போதாது. மென்று விழுங்கும்போது மணம் தொண்டைக்குப் பின்புறமாக ஏறி மூக்கை அடைகிறது; நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பின்வாசல் மணம்தான். ஒரு வாய் இட்லியை மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லுங்கள். புளிப்பும் உப்பும் காரமும் மட்டும் தெரியும். விரலை எடுத்த நொடியில் சீரகம் வந்து நிற்கும்.

ஆறிய குடலை இட்லி கத்திக்கு உதிராமல் அறுபடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வேகும்போது அரிசி மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கி, அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலிகளை வெளியே விடுகிறது. ஆறும்போது அந்தச் சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. இதே அமைலோஸை இந்த ஊர் இன்னொரு தொழிலிலும் கையாள்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பட்டின் நெடுக்கிழைகளான பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயிலில் காயவைப்பார்கள். கஞ்சியிலிருந்து வெளிவந்த அமைலோஸ் காய்ந்து, இழைமேல் மெல்லிய உறையாகப் படிகிறது. தறியில் ஆயிரக்கணக்கான முறை உரசியும் இழை பிசிறாமல் இருக்க அந்த உறை உதவுகிறது. அறுத்த இட்லிக்குத் திண்மை கொடுக்கும் பொருளே பட்டின் பாவுக்கும் பலம் கொடுக்கிறது என்பதை அறிந்தபின் இந்தத் தெருக்களில் நடப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இட்லி எங்கிருந்து வந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. 10-ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனெ’ இட்டலிகெ என்று ஒரு பண்டத்தைச் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் ‘மானசோல்லாசம்’ இட்டரிகா என்று சொல்கிறது. அவை உளுந்தால் மட்டும் செய்தவை. அரிசி எப்போது சேர்ந்தது, புளிக்கவைப்பது எப்போது வழக்கமானது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சாப்பிடும்போது அந்த விவாதம் தேவைப்படுவதில்லை.

புளியோதரை, பொங்கல், காபி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புளியில் டார்டாரிக் அமிலம் நிறைந்திருக்கிறது. புளிப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறி, முன்பு சாப்பிட்ட நெய்யின் படலத்தைக் கழுவிவிடும். இனிப்பை அறிய நம் நாக்கில் முதன்மையாக ஒரே வகை உணர்வான்தான் இருக்கிறது. கசப்பை அறிய சுமார் 25 வகைகள் இருக்கின்றன. நஞ்சுகள் பலவும் கசப்பவை என்பதால் உடல் அங்கே காவலைப் பலப்படுத்தியிருக்கிறது. அந்தக் காவலையும் மீறி நாம் விரும்பிக் குடிக்கும் கசப்பு காபி. பொங்கலுக்குப் பிறகு குடித்தால் அதன் கசப்பு தூக்கலாகத் தெரியும். ஆகையால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

காஞ்சிக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். காலையிலேயே போங்கள், ஓட்டலில் டிபன் முடித்துவிட்டுப் போகாதீர்கள். வரதர் கோயில் இட்லியை வாங்கியவுடன் ஒரு வாயும், ஆறவிட்டு ஒரு வாயும் சாப்பிட்டு, மிளகு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். புளிப்பு அடுத்து, இனிப்பு அதற்கடுத்து, பொரித்ததும் காபியும் மாலையில். நடுவில் மாகறலுக்குப் பஸ் ஏறிப் போய்வர நேரம் இருக்கும். செய்யாற்றங்கரை நடையில் பசியும் திரும்பும். எந்தத் தொன்னையையும் தனியாகக் காலி செய்யாதீர்கள். வகை கூடினால் மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிடுகிற உடம்பு இது. இருவராகப் போய், ஒரு தொன்னையை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.